95 லட்சத்துக்குள் ஒரு எம்.பி. தேர்தலை எப்படி முடிக்கிறார்கள்?

டீக்கடை பெஞ்சு:

நக்கலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியவில்லை, அதனால் கேட்கிறேன்.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஒரு வேட்பாளர் அதிகபட்சம் 95 லட்சம் ரூபாய்தான் செலவு செய்யலாம். சட்டமன்றம் என்றால் 40 லட்சம். எங்கள் தொகுதியில் ஜெயித்தவர் தாக்கல் செய்த கணக்கை இணையத்தில் தேடி எடுத்துப் படித்தேன். வேறு வேலை இல்லையா என்று கேட்காதீர்கள், இல்லை. மனிதர் 95-ஐத் தொடவே இல்லை. மிச்சம் பிடித்திருக்கிறார்.

ஒரு மக்களவைத் தொகுதி என்றால் ஆறு சட்டமன்றத் தொகுதி. பூத் ஆயிரத்து ஐநூறைத் தாண்டும். பூத்துக்கு நாலு பேர் உட்கார்ந்தால் வாக்குப்பதிவு அன்று மத்தியானச் சாப்பாடு மட்டும் ஆறாயிரம் பொட்டலம். தமிழ்நாட்டில் சராசரியாக ஒரு தொகுதிக்குப் பதினாறு லட்சம் வாக்காளர்கள். 95 லட்சத்தை வகுத்தால் தலைக்கு ஆறு ரூபாய்கூட வரவில்லை. ஆறு ரூபாய்க்கு இன்று எந்தக் கடையில் டீ தருகிறார்கள்?

நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு சாயங்காலம். கிரேனில் தொங்கிய ஆப்பிள் மாலை, செண்டை மேளம், பத்தாயிரம் வாலா, நாலு முக்கிலும் எல்.இ.டி. திரை. என் மச்சினன் தை மாதம் மகளுக்குக் கல்யாணம் செய்தான். ஒரு மண்டபம், ரெண்டு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான். வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி கட்டுகிறான். அந்த வேட்பாளருக்குக் கணக்கு எழுதியவர் யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள், அடுத்த மகளுக்கு அவரை வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது அணி:

வேட்பாளர்கள் எல்லாம் எளிமையானவர்கள்தான். நீங்கள்தான் வண்டிக்குப் பெட்ரோல் போட்டு, நல்ல சட்டை போட்டு, வரிசையில் நின்று ஆடம்பரமாக ஓட்டுப் போடுகிறீர்கள்.

இன்னொரு கூத்து சொல்கிறேன். 2014-க்கு முன் மக்களவை வரம்பு பெரிய மாநிலங்களில் 40 லட்சம். காணாது, காணாது என்று எல்லாக் கட்சியும் அழுது அதை 70 லட்சமாக உயர்த்த வைத்தார்கள். அந்தத் தேர்தலில் ஜெயித்தவர்கள் காட்டிய கணக்குகளை தேர்தல் கணக்குகளை ஆராயும் ஏ.டி.ஆர். அமைப்பு கூட்டிப் பார்த்தது. சராசரி 40 லட்சத்துச் சொச்சம். காணாது என்று சொன்ன கிட்டத்தட்ட அதே தொகையில் கச்சிதமாக முடித்துவிட்டார்கள், பாருங்கள்.

ஃபோகஸ் லைட்:

அண்ணே வணக்கம். நான் கல்யாண வீடியோ எடுக்குறவன். பங்குனியில எங்க பக்கம் முகூர்த்தம் கம்மி. தேர்தல் வந்துட்டா எங்கள மாதிரி ஆளுங்களத் தினக்கூலிக்கு எடுத்து "வீடியோ கண்காணிப்புக் குழு"ன்னு கார்ல ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிடுவாங்க. ஒரு அதிகாரி, ஒரு கேமராமேன், ஒரு டிரைவர். அதனால உங்க கேள்விக்கு என்னால கொஞ்சம் பதில் சொல்ல முடியும். கணக்கு எழுதுனவர் நம்பர் மட்டும் கேக்காதீங்க.

முதல்ல ஒண்ணு. அந்தக் கணக்கு பொய்யுன்னு நினைக்காதீங்க. எழுதியிருக்குற ஒவ்வொரு வரியும் அநேகமா நெசம். எழுத வேண்டாம்னு சட்டமே விட்டு வச்சிருக்குற இடம் ரொம்பப் பெருசு, அங்கதான் மொத்தமும் நடக்குது.

எங்க வேலை எப்படின்னா, கேமராவ ஆன் பண்ணதும் அதிகாரி வாயத் தொறந்து சொல்லணும்: தேதி, இடம், கட்சி, வேட்பாளர் பேரு, என்ன நிகழ்ச்சி. அப்புறம் நான் ஒவ்வொண்ணாக் காட்டக் காட்ட அவர் சொல்லிக்கிட்டே வரணும். மேடை இத்தன அடிக்கு இத்தன அடி. நாற்காலி இத்தன. பேனர் இன்ன சைஸு. கட்அவுட் உயரம். வண்டி என்ன மாடல், நம்பர் என்ன. அத வேற ஒரு குழு உக்காந்து போட்டுப் பாத்து, விலைப் பட்டியல வச்சுப் பெருக்கி, வேட்பாளர் எழுதுற கணக்குக்குத் தனியா ஒரு நிழல் பதிவேட்டுல ஏத்தும். கல்யாணத்துல மொகம் விட்டுப்போச்சுன்னாதான் சண்டைக்கு வருவாங்க. இங்க மொகமே யாருக்கும் வேண்டாம். தலைவர் கண்ணு கலங்கிப் பேசிக்கிட்டு இருப்பார், நான் நாற்காலிக் கால எடுத்துக்கிட்டு இருப்பேன்.

எங்க குழு அதிகாரி வேளாண்மைத் துறை. வெள்ளம் வந்தா பயிர்ச்சேதம் கணக்கெடுக்குற மனுசன். ஒரு வரிசைய எண்ணுவார், வரிசையால பெருக்குவார், நேர்மையான ஆளு. ஜனம் உக்காந்துட்டா நாற்காலி தெரியாதுன்னு கூட்டத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே கூட்டிட்டுப் போயிடுவார். போனா மைதானத்துல பாதி நாற்காலிதான் இறங்கியிருக்கும். மீதி லாரியிலயே தார்ப்பாய் போட்டு நிக்கும். "மிச்சத்த எப்ப இறக்குவீங்க?"ன்னு சேர்காரர்கிட்ட கேட்டார். அவர் வாயில இருந்த வெத்தலைய ஒதுக்கிட்டு, "நீங்க எப்ப சார் கிளம்புவீங்க?"ன்னார்.

நாங்க கிளம்பித்தான் ஆகணும். இன்னொரு கட்சிக்கு வேற ஊர்ல அதே நேரத்துல கூட்டம், ஒரு குழு எத்தன இடத்துல நிக்கும்? அன்னைக்கு ராத்திரி அவங்க பத்திரிகைக்கு விட்ட செய்தியில லட்சக்கணக்குல மக்கள் திரண்டாங்க. கணக்குல எண்ணூறு நாற்காலி. ரெண்டையும் வேட்பாளரோட ஒரே ஏஜென்ட்தான் எழுதுனார். அத்தன பேரும் எண்ணூறு நாற்காலியில எப்படின்னு நான் கேக்கல, ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்திருப்பாங்க.

அடுத்தது மேடை. இது உங்களுக்குப் புடிக்கும். ஒவ்வொரு அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கும் 40 நட்சத்திரப் பேச்சாளர்கள வச்சுக்கலாம். அவங்க வந்து போற ஹெலிகாப்டர், விமானம், கார் எதுவும் வேட்பாளர் கணக்குல சேராது. ஆனா அந்த மேடையில வேட்பாளர் ஏறி நின்னாலோ, அவர் பேரோ படமோ இருந்தாலோ கூட்டச் செலவு அவர் தலையில விழும். ரெண்டு மூணு வேட்பாளர் நின்னா பங்கு போட்டுக்கணும். அதனால என்ன ஆகும்? தனக்காக நடக்குற கூட்டத்துல வேட்பாளர் படிக்குக் கீழ நிப்பார். கும்பிட்ட கை அங்கயே இருக்கும், கால் மட்டும் மேல ஏறாது. மேல இருக்குறவர் "உங்கள் வேட்பாளரை உங்களுக்கே தெரியும்"னு முடிச்சுக்குவார். பேரச் சொல்ல மாட்டார். ஒரு கூட்டத்துல ஊர்க்காரர் ஒருத்தர் ஆர்வக்கோளாறுல வேட்பாளரக் கையப் புடிச்சு மேல இழுக்க, இவர் கைப்புடிக் கம்பிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு வர மாட்டேன்னுட்டார். பாக்குறவங்களுக்கு என்ன ஒரு அடக்கம்னு தோணும். ஜூம் பண்ணிப் பாத்த எனக்குத்தான் தெரியும், அவர் கண்ணு என் கேமரா மேல இருந்துச்சு.

இன்னொண்ணு, வேட்புமனு போட்ட நாள்ல இருந்து முடிவு அறிவிக்குற நாள் வரைக்கும் ஆகுறதுதான் செலவு. அதுக்கு முந்தின வாரம் வரைக்கும் நடந்த பொதுக்கூட்டம், கபடிப் போட்டி, இலவசக் கண் பரிசோதனை முகாம், தெருத்தெருவா ஒட்டுன பொறந்தநாள் போஸ்டர் எல்லாம் வெறும் பொதுச்சேவை.

டீக்கடை பெஞ்சு:

தம்பி, அந்த விலைப் பட்டியல் என்று சொன்னீர்களே, அது யார் போடுவது? அதில் பிரியாணி உண்டா?

ஃபோகஸ் லைட்:

உண்டாவா! பிரியாணி இல்லாமப் பட்டியலே இல்லண்ணே. மாவட்டத் தேர்தல் அலுவலர், அதாவது கலெக்டர், போடுவார். டீ, காபி, வடை, டிபன், நாற்காலி, பந்தல், ஜெனரேட்டர், மாலை, பட்டாசு, டிரம் செட், வண்டி வாடகை எல்லாத்துக்கும் ரேட்டு. போடுறதுக்கு முன்னாடி கட்சிக்காரங்களக் கூப்பிட்டுக் கலந்து பேசுவாங்க. மத்த நாள்ல விலைவாசி ஏறிப்போச்சுன்னு மறியல் பண்றவங்க எல்லாரும் அன்னைக்கு மட்டும் ஒண்ணு சேந்து விலை அவ்வளவு எல்லாம் இல்லைங்கன்னு வாதாடுவாங்க.

2024-ல சென்னைப் பட்டியல் பேப்பர்ல வந்துச்சு. 2019-ஓட ஒப்பிட்டா டீ 10 ரூபாயில இருந்து 15. காபி 15-ல இருந்து 20. சிக்கன் பிரியாணி 180-ல இருந்து 150! அஞ்சு வருசத்துல இந்தியாவுல வெலை குறைஞ்ச ஒரே பண்டம் அதுதான். மத்தியப் பிரதேசத்துல பாலாகாட்டுன்னு ஒரு ஊர், அங்க டீயே அஞ்சு ரூபாயாம். நீங்க வகுத்து வச்சிருக்கீங்களே தலைக்கு ஆறு ரூபான்னு, அங்க போனா ஒரு ரூபா மிச்சம்.

உண்மைத் தொண்டன்:

இங்கே சிலர் திட்டமிட்டு அவதூறு பரப்புகிறார்கள். எல்லாக் கட்சியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். எங்கள் தலைவர் வருகிறார் என்றால் மக்கள் தங்கள் சொந்தச் செலவில் வருவார்கள். நாற்காலியைக்கூட வீட்டிலிருந்து அவர்களே கொண்டு வருவார்கள்.

ஃபோகஸ் லைட்:

தொண்டரே, கோவிச்சுக்காதீங்க. நாற்காலி எண்ணிக்கை இடிக்குதுன்னு ஒரு வேட்பாளருக்கு நோட்டீஸ் போனப்ப ஏஜென்ட் எழுதிக் குடுத்த பதில் கிட்டத்தட்ட இதேதான். "பொதுமக்கள் தன்னெழுச்சியாகக் கொண்டு வந்தவை." எல்லா நாற்காலியோட முதுகுலயும் ஒரே வாடகைக் கடை பேர் பெயின்ட்ல எழுதியிருந்துச்சு. நான் அதையும் எடுத்திருந்தேன்.

பழைய தாசில்:

ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர். பல தேர்தல்களில் செலவுக் கணக்குப் பிரிவில் இருந்தவன். தம்பி சொன்னது நடைமுறையில் சரி. ஆனால் கேலி செய்துவிட்டு விதியை விட்டுவிடக் கூடாது, ஆகவே சிலவற்றைச் சேர்க்கிறேன்.

வேட்பாளர் மனுத்தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்னதாகத் தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். ஒரே நபருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரக் கூடாது, காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான். பதிவேட்டில் அன்றாடச் செலவுக்கு வெள்ளைப் பக்கம், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். பிரசாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளரிடம் காட்ட வேண்டும். நிழல் பதிவேட்டோடு ஒத்துப்போகாவிட்டால் அறிவிப்பு போகும், 48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் மொத்தக் கணக்கும் தாக்கலாக வேண்டும். தவறினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 10ஏ பிரிவின்படி மூன்றாண்டுத் தகுதிநீக்கம்.

இந்தத் தகுதிநீக்கப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் டெபாசிட் போன சுயேச்சைகளாக இருப்பார்கள். தோற்ற சோகத்தில் கணக்கை மறந்தவர்கள். வென்றவர்களில் அபூர்வமாக மாட்டியவர் உத்தரப் பிரதேசம் பிசௌலியின் எம்.எல்.ஏ. உமலேஷ் யாதவ். செய்தி போல் வெளியிட்ட விளம்பரத்தின் செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011-இல் ஆணையம் அவரைத் தகுதிநீக்கம் செய்தது.

"கட்சி செலவழித்தால் வேட்பாளர் கணக்கில் வராது" என்ற ஓட்டையைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். அது கவனக்குறைவால் விழுந்த ஓட்டை அல்ல, அளவெடுத்துப் போட்டது. 1971 தேர்தலில் டெல்லி சதர் தொகுதியில் வென்ற அமர்நாத் சாவ்லாவின் வெற்றியை எதிர்த்து கன்வர்லால் குப்தா வழக்குப் போட்டார். கட்சி அவருக்காகச் செய்த செலவையும் சேர்த்துப் பார்த்தால் வரம்பு தாண்டிவிட்டது என்று 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாதாக்கியது. அதே மாதத்திலேயே அவசரச் சட்டம் வந்தது: கட்சியோ நண்பர்களோ செய்யும் செலவு வேட்பாளர் செலவாகாது. நம் நாட்டில் ஒரு கோப்பு அவ்வளவு வேகமாக நகர்ந்ததை என் பணிக்காலம் முழுக்க நான் பார்த்ததில்லை. இப்போதுள்ள வடிவம், அதாவது தலைவர்களின் பயணச் செலவுக்கு விலக்கு, 2003 திருத்தத்தில் வந்தது. வேட்பாளருக்கு வரம்பு உண்டு. கட்சிக்கு இன்றுவரை வரம்பே கிடையாது. தேர்தல் முடிந்ததும் ஆணையத்திடம் ஒரு கணக்கு கொடுத்தால் போதும், சட்டமன்றம் என்றால் 75 நாளில், மக்களவை என்றால் 90 நாளில்.

மூன்றாவது அணி:

சார், யாராவது "ஆமாம், அதிகமாகத்தான் செலவு செய்தேன்" என்று ஒப்புக்கொண்டது உண்டா?

பழைய தாசில்:

ஒருவர் உண்டு. 2013 ஜூனில் மும்பையில் ஒரு நிகழ்ச்சியில் பா.ஜ.க.வின் கோபிநாத் முண்டே, 2009 தேர்தலுக்கு எட்டுக் கோடி செலவானது என்று மேடையிலேயே பேசினார். அப்போதைய வரம்பு 25 லட்சம். அவர் தாக்கல் செய்திருந்த கணக்கு 19 லட்சத்துச் சில்லறை. ஆணையம் விளக்கம் கேட்டது. பேச்சுவாக்கில் சொன்னது, அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். விஷயம் அத்தோடு முடிந்தது. மேடையில் அரசியல்வாதி சொன்னதை யாராவது நிஜமென்று நம்பி நடவடிக்கை எடுக்க வந்தால் அவர்களுக்கே ஆச்சரியமாகத்தானே இருக்கும்.

ஃபோகஸ் லைட்:

தாசில் ஐயா சொன்னதுக்கு அப்புறம் நான் பேசக் கூடாது, இருந்தாலும் வண்டி விஷயம் விட்டுப்போச்சு.

பத்து வண்டிக்கு மேல ஒண்ணா ஊர்வலமாப் போகக் கூடாது. ஒவ்வொரு வண்டிக்கும் அனுமதிச் சீட்டு வாங்கிக் கண்ணாடியில ஒட்டணும், வாடகையும் டீசலும் கணக்குல ஏறும். இப்ப, தேர்தல்ல நிக்குற சுயேச்சைங்க எல்லாரும் ஜெயிக்கத்தான் நிக்குறாங்கன்னு நினைக்குறீங்களா? சிலர் வண்டிச் சீட்டுக்காகவும் பூத் ஏஜென்ட் எண்ணிக்கைக்காகவுமே நிப்பாட்டப்பட்ட ஆளுங்க. ஒரு சுயேச்சைக்குச் சின்னம் காலிஃபிளவர். அவர் பேருல சீட்டு ஒட்டுன வண்டிய நிறுத்திப் படம் எடுத்தா, உள்ள இருக்குற ஏழு பேர் தோள்லயும் வேற கட்சித் துண்டு. "காலிஃபிளவர் எங்கய்யா?"ன்னா டிரைவர் பின் சீட்டுக்கு அடியில தேடி ஒரு நோட்டீஸ் கட்ட எடுத்துக் காட்டுறார். கட்டு பிரிக்கவே இல்ல. அந்தச் சுயேச்சை வீட்டுலதான் இருந்தார், மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு. எங்களப் பாத்ததும், "நான் எங்க கூட்டத்துக்குப் போயிருக்கேன்?"னு எங்ககிட்டயே கேட்டார்.

மூன்றாவது அணி:

2024-இல் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழத்தில் நின்றார் அல்லவா, அதே பெயரில் இன்னும் சில பன்னீர்செல்வங்களும் மனுப் போட்டார்களே. ஆளுக்கு 25,000 காப்புத்தொகை. ஒவ்வொரு பன்னீர்செல்வத்துக்கும் தனி வங்கிக் கணக்கு, தனிப் பதிவேடு, தனி நிழல் பதிவேடு. கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர் எந்த பில்லை எந்தப் பன்னீர்செல்வத்தில் ஏற்றியிருப்பார் என்று நினைத்தால் பாவமாக இருக்கிறது.

டீக்கடை பெஞ்சு:

எல்லாம் சரி. வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று மூன்று நிறம் சொன்னீர்களே. வீட்டுக்கு வீடு கவரில் வருவது எந்தப் பக்கத்தில் எழுதப்படும்?

பழைய தாசில்:

எந்தப் பக்கத்திலும் இல்லை. செலவு இருவகை. சட்டம் அனுமதித்தது, அனுமதிக்காதது. பதிவேடு முதல் வகைக்கு மட்டும். பணமும் மதுவும் கொடுப்பது லஞ்சம், அதைச் செலவென்று எழுத முடியாது. பிடிபட்டால் வழக்கு.

அளவு மீறிப் போனால் தேர்தலையே நிறுத்தியிருக்கிறார்கள். 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர். 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதி. நாலும் தமிழ்நாடு. பிறகு அதே இடங்களில் தேர்தல் மறுபடி நடந்தது. மறுபடி வேட்புமனு, மறுபடி பிரசாரம், மறுபடி பறக்கும் படை. பணம் அதிகம் புழங்கியதற்காக நிறுத்திய தேர்தலில், வாக்காளருக்கு இரண்டாவது சுற்றும் கிடைத்தது என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொல்வார். நான் அதை ஆமோதிக்கவில்லை, பதிவு செய்கிறேன்.

உண்மைத் தொண்டன்:

அந்த நான்கு இடத்திலும் பணம் கொடுத்தது எதிர்க்கட்சிதான்.

மூன்றாவது அணி:

எந்த எதிர்க்கட்சி? கட்சி மாறினால் பதிலும் மாறுமா?

ஃபோகஸ் லைட்:

சண்டை வேண்டாம். கவர் நான் பாத்ததில்ல, அது ராத்திரி வேலை, என் லைட்டுக்கு எட்டாது. பகல்ல நான் பாத்தது ஆரத்தி. வேட்பாளர் தெருவுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே தட்டு ரெடியா இருக்கும். பத்துப் பதினஞ்சு பேர் வரிசையா நிப்பாங்க. சுத்துவாங்க, பொட்டு வைப்பாங்க, வேட்பாளர் கும்புட்டுட்டு நகந்துடுவார், தட்ட அவர் தொடவே மாட்டார். ரெண்டு ஆளு பின்னாடி ஒரு பையன் வருவான், ஒன்றியச் செயலாளரோட தம்பி மகன். அவன் கை மட்டும் கீழ வழியா வந்து தட்டுக்கு அடியில போகும். தட்டுக்கு மேல இல்லண்ணே, அடியில. அந்தம்மா தட்டோட சேத்து அத வெரல்ல புடிச்சுக்குவாங்க. மஞ்சத்தண்ணி ஒரு சொட்டு சிந்தாது. நான் இத்தன கல்யாணம் எடுத்திருக்கேன், மொய்க்கவர் கைமாறுறத அவ்வளவு சுத்தமா யாரும் செஞ்சு பாத்ததில்ல.

எங்க வேளாண்மை அதிகாரி அத எடுக்கச் சொன்னார், எடுத்தேன். படத்துல தெரியுறது ஒரு கை, ஒரு தட்டு. கையில என்ன இருந்துச்சுன்னு தெரியல, அது யார் கைன்னும் தெரியல. பெறவு அந்தத் தெருவுக்குள்ள எங்க கார் நுழைஞ்சாலே தட்டெல்லாம் வீட்டுக்குள்ள போயிடும், கார் திரும்புனதும் வெளிய வரும்.

அப்புறம் ஸ்ட்ராங் ரூம், அதாவது ஓட்டு மெஷினப் பூட்டி வைக்குற ரூம், அந்தச் செலவு. அத யாரும் யோசிக்க மாட்டீங்க. 2024-ல நமக்கு ஓட்டு ஏப்ரல் 19, எண்ணிக்கை ஜூன் 4. முடிவு வரைக்கும் ஆகுறது எல்லாம் கணக்குதானே? அத்தன நாளும் காலேஜ் வாசல்ல பந்தல் போட்டு, எல்லாக் கட்சி ஏஜென்டும் சிசிடிவி டிவிய உத்துப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. மூடுன கதவு ஒண்ணு, அதுக்கு மேல சீல். அசையாத படம். அக்னி நட்சத்திரத்துல அதப் பாத்துக்கிட்டே டீயும் மோரும் மூணு வேளைச் சாப்பாடும். மேடையில ஒருத்தர ஒருத்தர் கிழிச்சவங்க அங்க ஒரே சொம்புல மோர் குடிச்சாங்க. யார் சொம்பு, யார் கணக்குன்னு எழுத வந்தவர் குழம்பிப் போயிட்டார். கடைசியில மோர விட்டுட்டாங்கன்னு நினைக்குறேன், எந்தப் பட்டியல்லயும் நான் பாக்கல.

டீக்கடை பெஞ்சு:

தம்பி, அந்தச் சேர்காரர் என்ன ஆனார்? லாரியில் மீதி நாற்காலி வைத்திருந்தவர்.

ஃபோகஸ் லைட்:

அவரா? நேத்துக்கூட ஒரு நிச்சயதார்த்தத்துல பாத்தேன். எண்ணூறு நாற்காலிக்கு முறையா பில் போட்டார், தாசில் ஐயா சொன்ன அந்தத் தனிக் கணக்குல இருந்தே பணம் வந்துடுச்சு. மிச்சம் லாரியில இருந்து இறங்குனதுக்கு வாய்க்கணக்கு. வேட்பாளர் தோத்துட்டார். ஏஜென்ட் போன எடுக்குறதில்ல.

"வக்கீல் நோட்டீஸ் விடலாமே"ன்னேன்.

"எந்த நாற்காலிக்குப்பா?"ன்னார். "நீதான எண்ணூறுன்னு வீடியோ எடுத்துக் குடுத்திருக்க. மிச்சம் அந்த ஊருக்கே வரலையே."